பரவாயில்லை என்னும் சொல்லும் உப்பிட்ட தேநீரும்: ஓர் ஆராய்ச்சி

ஆந்திர தேசத்திலிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் எவ்வூரில் தன் பிரயாணத்தை முடித்துக்கொள்கிறதோ, எவ்வூரைச் சங்க காலத்து எயிற்பட்டினமே என்று கற்றவர் பலர் நிலைநாட்டப் பாடுபட்டிருக்கிறார்களோ, அந்த மரக்காணத்தில், உப்பளங்களைப் பார்த்தவாறு அமைந்த ஒரு தேநீர்க் கடையில், சர்க்கரை இருக்கவேண்டிய இடத்தில் உப்பு இருந்த தேநீர் ஒன்று எனக்கு வழங்கப்பெற்றது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்லை" என்றேன். தவறிழைத்த வியாபாரி மரியாதையுள்ள வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை யாது என்னும் இவ்விசாரணை அந்த ஒரு சொல்லிலிருந்தே பிறந்தது.

முதற்கண் முன்னோர் நூல்கள். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், சிறுபாணாற்றுப்படையின் 269 அடிகளுக்குள், எயிற்பட்டினத்து நுளையர் பாணனுக்குத் தேறலும் சுட்ட மீனும் கொடுத்து உபசரிப்பார்கள் என்கிறாரேயன்றி, அந்தத் தேறல் கரித்தால் பாணன் என்ன சொல்லவேண்டும் என்பது பற்றி மௌனம் சாதிக்கிறார். உரைகண்ட நச்சினார்க்கினியரும் இவ்விடத்தைத் தீண்டவில்லை. அவர் மனம் வைத்திருந்தால், எங்கோ கிடக்கும் ஒரு சொல்லைக் கையைப் பிடித்து இழுத்துவந்து இங்கே கூட்டி, பாணன் வேறு தேறல் கேட்டான் என்றே பொருள் காட்டியிருப்பார். திருவள்ளுவர் 131ஆம் அதிகாரத்தில் ஊடலின் அளவுக்கு உப்பின் அளவை உவமையாக்கினார். அது காதலர் விஷயம், தேநீருக்கு ஏலாது.

வாடிக்கையாளர் மூவகையர். சத்தம் போடுவோர். சத்தம் போடாமலே வேறு கடைக்குப் போவோர். பரவாயில்லை என்போர்.

இச்சொல்லின் பிறப்பை ஆராய்வோம். பாரசீகத்தில் கவலை, பொருட்படுத்தல் என்னும் பொருளுடைய 'பர்வா', இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்து, நம் இல்லையோடு சேர்ந்து பரவாயில்லை ஆயிற்று. இத்தனை எளிய முடிபை ஏற்றுக்கொண்டால் ஆராய்ச்சி ஒரு வாக்கியத்தில் முடிந்து, ஆராய்ச்சியாளன் வீட்டுக்குப் போகவேண்டி வரும். ஆகையால் இதை வன்மையாக மறுக்கிறேன். பரவை என்பது கடல். பரவை இல்லை என்பதே பரவாயில்லை. ஐகாரம் ஆகாரமானது எவ்வாறு என்று கேட்பவர்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள். கடைக்கு அப்பால் அலையோசை கேட்கும்போது கடல் இல்லை என்பது எப்படிப் பொருந்தும் என்று ஆட்சேபிப்பாருமுளர். அவர்கள் உப்பளத்தைப் பார்த்ததில்லை. பாத்தியில் தேங்கிய நீர் வெயிலில் வற்றிப்போக, கடல் போய் உப்பு மட்டும் நிற்கிறது; என் கண்ணாடித் தம்ளரின் நிலையும் துல்லியமாக அதுவே.

இக்கொள்கைக்குச் சாசன ஆதாரமும் உண்டு. அக்கடைப் பெஞ்சின் இடப்புற மூன்றாம் பலகையில், யாரோ சாவியால் கீறி, பல தலைமுறை வாடிக்கையாளர் உட்கார்ந்தே தேய்த்துவிட்ட மரவெட்டு ஒன்றில், ப, வா, லை என்னும் மூன்றெழுத்துக்கள் இன்றும் தெளிவாக உள்ளன. சிதைந்த இடங்களை ஊகத்தால் நிரப்பிப் பரவாயில்லை என வாசித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், பீடியை அணைத்துவிட்டு, அது "பழனி வா மாலை" என்றார். உள்ளூர்க்காரர் என்பதற்காக அவர் கூற்றைக் கொள்ளலாகாது. சாசன ஆராய்ச்சியில் நேரில் கண்டவரின் சாட்சியத்தைவிட நேரில் காணாதவரின் ஊகமே பெருமதிப்புடையது என்பது ஏற்கெனவே நிலைபெற்ற வழக்கம். மேலும் கடையின் பற்று நோட்டில் என் கணக்கு ஒரு பிரதியில் 'டீ 2' என்றும், கடைக்காரர் மனப்பாடமாக வைத்திருக்கும் பிரதியில் 'டீ 3' என்றும் காணப்படுகிறது. உ.வே.சாமிநாதையர் ஏடேடாகத் தேடிப் பாடபேதம் கண்ட தேசத்தில் நாம் இதற்காக மனம் தளரக்கூடாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு அதே கொதிகலத்துத் தேநீரை வாங்கிய உப்பு லாரி டிரைவர், "இன்னாய்யா மாஸ்டர், கடலையே மொண்டு ஊத்திட்டியா?" என்று கர்ஜித்தார். அவருக்குப் புதுத் தேநீரும், கேளாமலே ஒரு பன்னும் கிடைத்தன. பரவாயில்லை என்ற எனக்கு, கடைக்காரர் "கோச்சுக்காதீங்க சார்" என்று சொல்லி, அதே தம்ளரில், அதே உப்புத் தேநீரின்மேல், இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். உப்பின் மீது சர்க்கரை என்ன செய்யும் என்பதை நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆக, கோபத்துக்குப் பன்னும் பொறுமைக்குக் கரண்டியும் என்பதே வியாபார தர்மமாக வழங்கிவருகிறது. நாளைக்கு நான் ஏன் கத்தக்கூடாது என்று கேட்டால் எந்த வியாபாரியிடமும் பதிலில்லை.

இவ்விஷயத்தில் எதிரிலிருந்த அளத்துக்காரர்களின் அறிவு பெரிது. நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை. வற்றி 25 பாகையை எட்டும்போது உப்புப் படியத் தொடங்குகிறது. 30 பாகையை நெருங்கியும் எஞ்சிய நீரை வெளியேற்றாமல் விட்டால் மக்னீசிய உப்புக்கள் சேர்ந்து அத்தனையும் கசந்துபோகும். மேலே பார்த்தால் நீர் எப்போதும் அசையாமல் ஒன்றுபோலவே கிடக்கும். ஆகவே அவர்கள் நீரின் முகத்தை நம்பாமல் மானியை நம்புகிறார்கள். பரவாயில்லை என்பவனின் முகமும் அத்தகையதே. முதல் தடவை 3, ஆறாம் தடவை 25, அப்புறம் கசப்பு. கரண்டியை எடுக்குமுன் பாகை பார்த்து, கேட்காதவனுக்கே முதலில் புதுத் தம்ளர் நீட்டுக என்பது என் சித்தாந்தம்.

சட்டத்தையும் பார்த்தேன். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், முறையிட இரண்டாண்டு அவகாசம் தருகிறது. மரியாதையுள்ளவன் இரண்டாண்டும் யோசித்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிடுவான்.

இவ்வாராய்ச்சியின் முதற்பிரதியைக் கடைக்காரருக்கே வாசித்துக் காட்டினேன். மிகுந்த சிரத்தையோடு கேட்டார். மறுநாள் காலை அவர் போட்ட தேநீர் உண்மையிலேயே அருமையாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, பாராட்டும் பொருளில், "பரவாயில்லையே" என்றேன். அவர் முகம் வெளிறி, என் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கி வெளியே கொட்டிவிட்டு, ஓடிப்போய் வேறொன்று போட்டுக் கொண்டுவந்தார். அவசரத்தில் அதில் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை.