யூரோ வீட்டுக்கு எதிரே ரூபாய் கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்ததும் முதலில் திட்டு வாங்குபவர் என் தாத்தா. அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. திட்டுவதற்கு அது ஒரு தடையாக இருந்ததே இல்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. எதிர்வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, "நேரு பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டார். எதிர்வீட்டுப் பிள்ளை வளர்ந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஊர் ஊராகச் சுற்றி, இன்று யூரோவில் பென்ஷன் வாங்குகிறார். நான் உள்ளூர் கம்பெனியில் கணக்கு எழுதி ரூபாயில் சம்பளம் வாங்குகிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னத் தெரு. டிசம்பர் 24 ராத்திரி மட்டும் அது மத்தியதரைக் கடல் அகலத்துக்கு விரிந்துவிடும்.

சிக்கனமாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது எப்படி என்று யாராவது கேட்டால், தீபாவளிக்கே தோற்றுவிட்டோம் என்றுதான் சொல்வேன். போனஸுக்கு 1965-இலிருந்தே சட்டம் உண்டு. குறைந்தது 8.33 சதவீதம், கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த எட்டு மாதம் நவம்பரோடு முடிகிறது. முதலாளிகள் தீபாவளிக்கே கொடுத்துக் கணக்கை முடிக்கிறார்கள். தப்பே இல்லை, ஆபீஸில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் பண்டிகை. ஆனால் கைக்கு வந்த பணத்துக்கு நான் கிறிஸ்தவன் என்று தெரிய வேண்டுமே! தெருவே வெடிக்கும்போது நம் பிள்ளைகள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு உட்காருமா? துணிக்கடைத் தள்ளுபடி மதம் பார்த்தா வருகிறது? கார்த்திகை தீபம் ஏற்றுவதற்குள் போனஸ் அணைந்துவிடும்.

ஆகவே என் மனைவி ஒரு நோட்டை எடுத்து, கிறிஸ்துமஸ் என்று தலைப்புப் போட்டு, 5,000 என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தாள். கணக்கெழுத்தில் இரண்டு கோடு இழுத்தால் அதற்குக் கீழே எதுவும் வரக்கூடாது. அது என் படிப்பு. அவள் அழகுக்காக இழுத்தாள்.

பட்ஜெட் போட்டாகிவிட்டது என்றால் அடுத்தது பெரிய மார்க்கெட். நேரு வீதியில் நுழைந்து ரங்கப்பிள்ளை வீதியில் வெளியே வருவதற்குள் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாமும், வேண்டாத பாதியும் கிடைத்துவிடும். பேர் என்னவோ குபேர் அங்காடி. புதுச்சேரியின் முதல் முதலமைச்சராக 1963-இல் வந்த எதுவார் குபேர் நினைவாக வைத்தது. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், நீங்கள் வெளியூர் என்று மீட்டருக்கு மேல் ஒரு தொகை சேரும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இதை இடித்துப் புதிதாகக் கட்டுவோம் என்று அரசாங்கம் கிளம்பியபோது வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் அவர்கள் கட்சிதான். ஏ.சி. போட்ட கட்டடத்தில் நின்று கொத்தமல்லிக் கட்டுக்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்ல நாக்கு எழுமா?

பூக்கடையில்தான் முதல் இடி. மார்கழிப் பனியில் மல்லி அரும்பு விடுவது குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கில் போவது வருஷா வருஷம் பேப்பரில் வரும் செய்தி. அந்தச் செய்தியை மட்டும் என் மனைவி படிப்பதில்லை. "கிறிஸ்துமஸுக்கு ரெண்டு முழம் மல்லி இல்லாம கோயிலுக்கு வர முடியாது" என்றாள். பக்கத்துக் கூடையில் டிசம்பர் பூ குவிந்து கிடந்தது. ஊதா நிறம், வாசனை கிடையாது, விலையும் கிடையாது. எனக்கு மூளை வேலை செய்தது. "பாரும்மா, திருவருகைக் காலம் முழுக்க சாமியாரே ஊதா அங்கிதான் போடுறாரு. பொருத்தமா இருக்கும்" என்றேன்.

"ஏங்க, அது இருபத்து நாலு வரைக்கும். இருபத்தஞ்சு வெள்ளை அங்கி" என்றாள்.

திருவழிபாடு தெரிந்த பெண்ணைக் கட்டியவன் பட்ஜெட் போடக்கூடாது. ஒரு முழத்தில் முடித்தோம்.

மீன் பக்கம் போனால் நிலைமை கொஞ்சம் தேவலை. கார்த்திகை, மார்கழியில் ஊரில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுகிறார்கள். மீதியில் பாதி, மார்கழி விரதம். வாங்க ஆள் குறைந்தால் வஞ்சிரம் தானாக இறங்கி வருகிறது. புதுச்சேரிக் கிறிஸ்தவர்கள் சபரிமலை பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டால் தகும். இந்தச் சலுகை இருபதாம் தேதி வரைதான். அப்புறம் புத்தாண்டுக் கூட்டம் ஊருக்குள் இறங்கும். ஹோட்டல்காரர்கள் விடியற்காலையிலேயே கூடையோடு அள்ளிப் போவார்கள்.

நான் போனபோது எதிர்வீட்டு முசே அங்கே நின்றுகொண்டிருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் முசேதான். வெள்ளை அரைக்கைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் ஒயர் கூடை. குனிந்து, மீனின் செவுளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். செவப்பு. கண்ணைப் பார்த்தார். பளபளப்பு. வயிற்றை அழுத்தினார், அழுத்திய இடம் குழி விழாமல் மேலே எழும்பியது. குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காத வருத்தத்தில், "மீன் சின்னதா இருக்கே" என்றார்.

"முசே, அது பெருசாகட்டும்னு நான் இங்கயே வச்சிக்கினு உக்காந்திருக்கவா?" என்றாள் மீன்காரம்மா.

அவர் சொன்ன விலையைக் கேட்டு அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஈரோவுல வாங்குற. ரூபாயில குடுக்க உனக்கு மனசு வரல."

"குளிர்ல நின்னு சம்பாதிச்ச காசும்மா."

"நான் மட்டும் குஷன் சீட்லயா உக்காந்திருக்கேன்?"

ஆனாலும் கடைசியில் அவர் கேட்ட விலைக்குப் பக்கத்தில்தான் மீன் போயிற்று. யூரோக்காரர் பேரம் பேசிய அதே இடத்தில் ரூபாய்க்காரன் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். "தம்பி தங்கமான புள்ள" என்று சர்ட்டிபிகேட் கிடைத்தது. இந்த சர்ட்டிபிகேட்டை நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

அடுத்தது கேக். ஒயிட் டவுன் பேக்கரி கண்ணாடிக்குள் இருக்கும் கேக்கின் விலைச்சீட்டை நாங்கள் காட்சிப் பொருளாகத்தான் பார்ப்பது. எங்கள் கேக் விவிக்கம். மைதா கேக் இல்லை, ரவை. வெண்ணெயில் ரவையை வறுத்து, முட்டையும் சர்க்கரையும் அடித்து, பண்ருட்டி முந்திரியும், பல நாள் ரம்மில் ஊறிய திராட்சையும் போட்டு, மேலே பொன்னிறம் வரும்வரை வேக வைப்பது. முன்பெல்லாம் மாவைத் தட்டில் ஊற்றிப் பக்கத்து ரொட்டிக்கடை அடுப்புக்குக் கொடுத்தனுப்புவோம் என்பாள் நெல்லித்தோப்பிலிருந்து வந்து இறங்கும் என் மாமியார். இதில் எங்கே மிச்சம் பிடிப்பது? குளிர்காலத்தில் நாமக்கல் முட்டை விலை ஏறும், ஊரே கேக் போடுவதால் இன்னும் ஏறும். வெண்ணெயைக் கேட்கவே வேண்டாம். எங்கள் ஊரில் பட்ஜெட்டுக்குள் மரியாதையாக அடங்கும் ஒரே சாமான் ரம்தான். நம்பாவிட்டால் கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களைக் கேளுங்கள்.

அத்தை அந்தப் பாட்டிலில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பாள். மறுநாள் பார்த்துவிட்டு, "திராட்சை ரொம்பக் குடிக்குது மாப்பிள்ளை" என்பாள். உலர்ந்த திராட்சை அப்படித்தான். அதன் குணம்.

காசே இல்லாமல் நடக்கிற காரியங்களும் உண்டு. கிறிஸ்துமஸ் மரம் என்று எங்கள் பக்கம் நடுவது சவுக்குக் கிளை. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சவுக்குத் தோப்புக்குக் குறைவா? தலையணையிலிருந்து பிதுங்கும் பஞ்சைத் தூவினால் பனி. மின்விசிறியைப் போட்டால் பனிப்புயலும் உண்டு.

குடில் இன்னும் மலிவு. 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்ததே வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துத்தான். ஏழ்மையைத் தேடிப் போனவர் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்பதால் இதில் ஆடம்பரத்துக்கு இடமில்லை. ஒரு தட்டில் மண் போட்டுக் கடுகும் கேழ்வரகும் விதைத்தால் சில நாளில் பெத்லகேமே பச்சை பிடித்துவிடும். பொம்மைகளில் சில வில்லியனூர் சுடுமண், சில திருக்கனூர் காகிதக்கூழ். இரண்டுமே புவிசார் குறியீடு வாங்கியவை. எங்கள் வீட்டு இடையனுக்குக் கை இல்லை, ஒட்டகத்துக்குக் காது இல்லை. மூன்று ஞானிகளில் ஒருவர் வீடு மாற்றும்போது காணாமல் போய்விட்டார். புதுசு வாங்கப் பட்ஜெட்டில் இடமில்லாததால், பக்கத்து வீட்டு மாமி கொலுவில் உபரியாக இருந்த செட்டியார் பொம்மையைக் கொடுத்து உதவினாள். ஒருவர் பொன்னும் இன்னொருவர் தூபமும் ஏந்தி நிற்க, மூன்றாமவர் தொந்தியும் பஞ்சகச்சமுமாக அரிசி பருப்போடு கடை விரித்திருக்கிறார். பாரிஸிலிருந்து வந்த முசேயின் பேரன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு இவர் யார் என்று கேட்டான். என் மாமியார் சொன்னாள்: "மாட்டுத் தொழுவத்துல பிள்ளை பெத்தவளுக்குத் தூபத்தை வச்சு என்ன செய்ய? இவரு ஒருத்தருதான் விவரம் தெரிஞ்சு வந்திருக்காரு."

துணிக்கு சண்டே மார்க்கெட். காந்தி வீதி பிளாட்பாரத்தில் பேன்ட்டை இடுப்பில் சுற்றி அளவு பார்த்து வாங்கியாயிற்று. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

கேரல் பார்ட்டி பற்றித்தான் எழுத வேண்டும். தூங்கி ஒரு சுற்று முடிந்தபின் டிரம் சத்தத்தோடு வருவார்கள். பரிசு கொண்டுவந்து கொடுப்பவர் கிறிஸ்துமஸ் தாத்தா என்று உலகமெல்லாம் சொல்கிறது. எங்கள் தெருத் தாத்தா வாங்கிக்கொண்டு போகிறவர். கடற்கரைப் புழுக்கத்தில் சிவப்புக் கம்பளி அங்கிக்குள் வேர்த்து விறுவிறுத்து ஆடும் அந்தக் கல்லூரிப் பையனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். "சில்லறை இல்லையேப்பா" என்றேன். பஞ்சுத் தாடியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மறு கையால் கழுத்தில் தொங்கிய க்யூஆர் அட்டையைக் காட்டினான். தப்பிக்கும் கடைசி வழியும் அடைபட்டது.

இவ்வளவுக்கும் பிறகு 5,000 தாங்கியது என்றால் நம்புவீர்களா? தாங்கியது. உடைந்தது தட்டில்.

தீபாவளிக்கு மாமி வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் வந்திருக்கிறது. ரம்ஜானுக்கு முல்லா வீதி நண்பர் வீட்டிலிருந்து அண்டா மூடி அகலத்துக்குப் பிரியாணி. அந்தப் பாத்திரங்களைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் துணிச்சல் இந்த ஊரில் யாருக்கும் கிடையாது. சரி, விவிக்கத்தை வெட்டி எல்லோருக்கும் அனுப்பிவிடலாம் என்றால், மாமி வீட்டில் முட்டை ஆகாது. முல்லா வீதியில் ரம் ஆகாது. மாடி வீட்டுக்காரர் மாலை போட்டிருக்கிறார்; வெளியில் செய்த எதுவும் ஆகாது, மாலையைக் கழற்றி வரும்வரை எடுத்து வைக்க வேண்டும். பார்த்துப் பார்த்து, வெண்ணெய் கொட்டிச் செய்த கேக்கைத் தடையில்லாமல் சாப்பிடக்கூடிய ஒரே வீடு எதிர்வீடு. அங்கே பாரிஸிலிருந்து வந்த கேக்கே மூன்று இருக்கிறது.

ஆகவே மறுபடியும் பெரிய மார்க்கெட். முட்டை போடாத கல்கலுக்குத் தனியாக மாவு, சர்க்கரை. முறுக்குக்கு அரிசி, உளுந்து. முல்லா வீதிக்கு ரம் போடாத கேக் தனி ஈடு. எண்ணெய் டின் ஒன்று. அத்தை மூன்று சட்டி, மூன்று கரண்டி வைத்துக்கொண்டு, இது அதில் படக்கூடாது, அது இதில் படக்கூடாது என்று சமையலறையில் ஒரு பன்னாட்டு எல்லைக்கோடே வகுத்துவிட்டாள். மற்றவர் விரதத்தை அவர்களைவிடக் கறாராகக் காப்பாற்றியது எங்கள் வீட்டு அடுப்புதான் என்று சத்தியம் செய்வேன்.

நோட்டைப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்குக் கீழே 'தட்டு' என்று எழுதி ஒரு தொகை இருந்தது. மேலே இருந்ததில் பாதிக்கு மேல். "இது கணக்குல வராதா?" என்று கேட்டேன்.

"அது கிறிஸ்துமஸ் செலவு இல்லீங்க. தீபாவளி, ரம்ஜான் பாக்கி" என்றாள்.

கணக்கெழுத்து முறைப்படி அவள் சொன்னது சரி. முந்தைய காலத்துக் கடனை இந்தக் காலத்துச் செலவில் சேர்க்கக் கூடாது.

ஆகவே சிக்கனக் கிறிஸ்துமஸ் வேண்டுவோருக்கு நான் சொல்வது: மீனை இருபதாம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள். மல்லியில் கைவைக்காதீர்கள், டிசம்பர் பூ ஊதாதான், ஆனாலும் பூதான். தட்டுக்கு ஆகிற செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அடுத்த ரம்ஜானுக்குப் பிரியாணி வர வேண்டுமே. காகித நட்சத்திரத்தை 26-ஆம் தேதி காலையில் வாங்குங்கள், கடைக்காரர் கேட்ட விலைக்குக் கொடுப்பார். லேட்டாகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். மூவரசர் திருநாள் ஜனவரி 6. அதுவரை தாராளமாகத் தொங்கவிடலாம்.