டூ மினிட்ஸ்: தாயில்பட்டிக் காலவியல் குறித்து ஓர் ஆய்வு

வெம்பக்கோட்டை வட்டம் தாயில்பட்டியில் சிறுபொழுதை அளக்க மூன்று ஆங்கில அலகுகள் வழக்கில் உள்ளன: ஒன் செகண்ட், டூ மினிட்ஸ், ஃபைவ் மினிட்ஸ். இவற்றுள் எதற்கும் கடிகாரத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்பதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முன்னோர் இவ்விஷயத்தில் கறாரானவர்கள். தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவாக வைத்தார். நாழிகை 24 நிமிடம். விநாழிகை 24 விநாடி. மேலைநாட்டாரும் சளைத்தவரல்லர். இடைக்கால ஐரோப்பாவில் ‘மோமென்ட்’ என்றால் 90 விநாடி. ‘ஜிஃபி’யையும் விட்டுவைக்காமல், ஒளி ஒரு சென்டிமீட்டர் கடக்கும் நேரம் அது என்றார் வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ். 1967-இல் விநாடியே சீசியம் அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகளுக்குள் அடைக்கப்பட்டது. அவ்வளவு அதிர்வையும் எண்ணி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாலும், கவுண்டருக்குப் பின்னால் ‘ஒன் செகண்ட் சார்’ என்று எழுந்து போனவர் வந்திருக்க மாட்டார்.

டீக்கடை பெஞ்சில் கிடைத்த தரவு ஒன்று:

“அண்ணே, எங்க இருக்கீக?”

“ஃபைவ் மினிட்ஸ் தம்பி. ஆன் த வே.”

அண்ணன் அப்போது சட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறார். ‘ஆன் த வே’ என்பது இடத்தைச் சொல்வதுபோல் தோன்றினாலும் வகைப்பாட்டில் காலப்பெயரே. வண்டிச் சாவி எங்கே என்ற கேள்வி எழுந்த கணத்திலிருந்து அது செல்லும். இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது: ஆள் எவ்வளவு தள்ளி இருக்கிறாரோ, அவ்வளவுக்கு அலகு சுருங்கும். சிவகாசியில் பஸ்ஸுக்கு நிற்பவர் டூ மினிட்ஸ் என்பார். உண்மையிலேயே தெருமுனைக்கு வந்துவிட்டவர் எந்த அலகையும் பயன்படுத்துவதில்லை. “இந்தா வந்துட்டேன்” என்கிறார், வந்தும் விடுகிறார்.

ஆங்கிலம் ஏன் தேவைப்பட்டது? “ரெண்டு நிமிஷத்துல வாரேன்” என்பது வாக்கு; மதினி மணி பார்ப்பார், பிறகு கேட்பார். ‘டூ மினிட்ஸ்’ மரியாதை. மரியாதைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. இது நம்மூர்ச் சரக்கு மட்டுமல்ல. தென்னாப்பிரிக்கர் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று பொருள். கொஞ்சம் சீக்கிரம் வேண்டுமென்றால் ‘நவ் நவ்’ என்று இரண்டு முறை சொல்வார்கள். அந்த வசதி தாயில்பட்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை. தீபாவளி நெருங்கினால் வெளியூர் வியாபாரியிடம் “லோடு ஏறிட்டே இருக்கு, ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்” என்று சொல்லத்தான் முடிகிறது. லாரி இன்னும் வரவில்லை என்பது அதன் உரை.

ஆய்வாளரைத் திகைக்க வைக்கும் முரண் ஒன்று உண்டு. பட்டாசு செய்யும் இந்த வட்டாரத்தின் பிழைப்பே விநாடிதான். திரி பற்றியதும் கொளுத்தியவர் விலகி ஓட அவகாசம் வேண்டும். அது குறைந்தால் ஆபத்து, கூடினால் ‘நமுத்துப்போச்சு’ என்று பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள், அது அதைவிட ஆபத்து. மருந்து அறையில் மூன்று அலகுகளும் செல்லாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்ற இடத்தில் ‘டூ மினிட்ஸ், முடிச்சிடுறேன்’ என்று எவரும் விளையாடுவதில்லை. அறையை விட்டு வெளியே வந்து செல்போனைக் கையில் எடுத்த பிறகே காலம் நெகிழ்கிறது.

2018-இல் உச்ச நீதிமன்றம் தீபாவளிப் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுக்க, தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 எனப் பிரித்துத் தந்தது. “ஃபைவ் மினிட்ஸ் சார், இந்த ஒரு பெட்டி மட்டும்” என்னும் தொடர் மாலை 8 மணிக்குப் பிறந்த புதுவரவு. போலீஸ்காரரிடம் இந்த அலகு எடுபடுவதில்லை. அவரிடம் சொந்தமாக ஒரு ‘டூ மினிட்ஸ்’ இருக்கிறது, ஸ்டேஷனில் உட்காரச் சொல்லும்போது எடுப்பார்.

பட்டாசு வாங்க இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்காரர் “ஒன் செகண்ட் அண்ணாச்சி” என்றால் நிற்கலாம். “டூ மினிட்ஸ்” என்றால் டீ குடிக்கலாம். “ஃபைவ் மினிட்ஸ்” என்றால் சாப்பாட்டையே முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.