விடாக்கண்டன் தாத்தாவும் மூச்சிரைத்த மானும்

சுமார் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு பிராணி திரிந்துகொண்டிருந்தது. நகம் கிடையாது. கோரைப்பல் என்று பெயருக்கு ஏதோ இருந்தது, பழம் கடிக்கலாம். ஓட்டமோ படுமோசம். அந்தக் குலத்தில் பின்னாளில் உதித்த அதிவேகக் கொழுந்தான உசேன் போல்ட்டே மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டரைத்தான் தொட்டார், அதுவும் சில விநாடிகளுக்கு. சிங்கம் பார்த்தால் சிரிக்கும். போதாக்குறைக்கு உடம்பில் ரோமமும் குறைந்துகொண்டே வந்தது.

இந்த லட்சணத்தில் அவருக்குக் கறி சாப்பிடும் ஆசை வேறு. ஹோமோ எரெக்டஸ் என்பது ஆய்வாளர்கள் வைத்த பெயர். நமக்குத் தாத்தா முறை. வில்லும் அம்பும் வருவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் பாக்கி இருந்தன. கையில் கல்லும் கழியும்தான். எதிரே காற்றாய்ப் பறக்கும் மான். தாத்தா என்ன செய்திருப்பார்? பின்னாலேயே போயிருப்பார் என்கிறது ஒரு கட்சி. உச்சி வெயிலில், அவசரப்படாமல், விடாமல்.

மானின் கஷ்டம் அதன் வேகத்திலேயே இருக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுத்தான் விட முடியும். உடம்புச் சூட்டைத் தணிக்க வாயைப் பிளந்து மூச்சிரைக்க வேண்டுமென்றால் ஓட்டத்தைக் குறைத்தாக வேண்டும். தாத்தாவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மேனியெங்கும் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள். ரோமமில்லாத தோலில் காற்றுப் பட்டால் தானே குளிரும். மான் பாய்ந்தோடி ஒரு மர நிழலில் நின்று ‘அப்பாடா’ என்னும். அந்த நேரம் பார்த்து, தவணை வசூலிக்க வருகிறவரைப் போல, நனைந்த உடம்போடு தாத்தா வந்து நிற்பார். மறுபடி ஓட்டம், மறுபடி நிழல், மறுபடி தாத்தா. கடைசியில் உடம்பு கொதித்து மான் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மகா வேட்டைக்காரர் என்று நாம் பெருமை பேசுகிற முன்னோர், இந்தக் கணக்குப்படி, இரையை நச்சரித்தே கொன்றிருக்கிறார்.

1984-இல் இதைக் கட்டுரையாக எழுதிய அமெரிக்க உயிரியலாளர் டேவிட் கேரியர், செய்தும் பார்க்கலாமே என்று சகோதரர் ஸ்காட்டை இழுத்துக்கொண்டு வயோமிங் புல்வெளிக்குப் போனார். துரத்தத் தேர்ந்தெடுத்தது பிராங்ஹார்ன். தரையில் ஓடும் விலங்குகளில் சிறுத்தைக்கு அடுத்த இடம் அதற்கு. நல்ல தேர்வு! அது ஓடியது, மந்தைக்குள் புகுந்தது, அவ்வளவுதான். எதைத் துரத்தினோம், எது களைத்தது என்று சகோதரர்களுக்குப் புரியவில்லை. களைக்காத புது மானைத் துரத்தினால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம்.

காலகாரிப் பாலையின் சான் வேட்டைக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. மணலில் கிடக்கும் ஐம்பது தடங்களில் தாங்கள் விரட்டும் மானின் தடம் எது, அது எவ்வளவு களைத்திருக்கிறது என்று படித்துவிடுவார்கள். ஆய்வாளர் லூயிஸ் லீபன்பெர்க் அவர்களோடு ஓடிப் பார்த்தே எழுதினார்: 40 டிகிரி வெயில், 35 கிலோமீட்டர் வரை ஓட்டம். முறுக்குக் கொம்புள்ள கூடூ மானை ஒரு வேட்டைக்காரர் எட்டு மணி நேரம் விரட்டி வீழ்த்தியதை டேவிட் அட்டன்பரோவின் 2002 தொலைக்காட்சித் தொடர் காட்டியது. காலோடு தலையும் ஓட வேண்டும் என்பதே வயோமிங்கில் கிடைக்காத பாடம்.

இதற்குள் வேறொரு திசையிலிருந்து பன்றி சாட்சி சொல்ல வந்தது. ஹார்வர்டில் ஆய்வாளர் டேனியல் லீபர்மேன் பன்றியை டிரெட்மில்லில் ஓடவிட்டபோது அதன் தலை கன்னாபின்னாவென்று ஆடியது. அதைப் பார்த்த சக ஆய்வாளர் டென்னிஸ் பிரேம்பிள், ஓடப் பிறந்த விலங்குகளுக்குத் தலையைப் பிடித்து நிறுத்தப் பிடரியில் ஒரு தசைநார் உண்டே என்றார். குதிரைக்கு உண்டு, நாய்க்கு உண்டு, நமக்கும் உண்டு, குரங்குக்கு இல்லை. நீண்ட குதிகால் தசைநாணையும் ஓட்டத்துக்கான உறுப்புகளின் பட்டியலில் சேர்த்தார்கள். கூடவே நம் பிருஷ்டம். சமதரையில் நடக்க அந்தப் பெரிய தசை அதிகம் வேலை செய்வதில்லை. ஓடும்போது முகம்குப்புற விழாமல் காப்பதே அதுதான். சோபாவுக்காகப் படைக்கப்பட்டது என்று நாம் நம்பியிருந்த உறுப்பு!

இதையெல்லாம் வைத்து இருவரும் எழுதிய கட்டுரை 2004 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அதே ஆண்டு ஜூனில் வேல்ஸில் இன்னொரு விசேஷம். மதுக்கடை வாக்குவாதம் ஒன்றில் பிறந்து 1980 முதல் நடந்துவரும் மனிதன்-குதிரைப் பந்தயத்தில், ஹ்யூ லாப் முதன்முறையாகக் குதிரைகளை முந்தி 25,000 பவுண்டு பரிசை வாரிக்கொண்டார். அதுவரை காலால் ஓடிய மனிதர் யாரும் குதிரையை வென்றதில்லை. குதிரையும் நன்றாக வியர்க்கும் பிராணி, அதனால் இத்தனை இழுபறி.

எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. அந்தக் காலப் புல்வெளியில் மரங்களும் இருந்தன, பதுங்கிப் பாய்வதுதானே சுலபம் என்று ஆய்வாளர்கள் பிக்கரிங்கும் பன்னும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2024-இல் வந்த ஓர் ஆய்வு, 16-ஆம் நூற்றாண்டு முதலான பழைய பயணக் குறிப்புகளைத் துழாவி, உலகெங்கும் 272 இடங்களில் மக்கள் இப்படி விரட்டி வேட்டையாடியதைத் திரட்டியிருக்கிறது. பனியிலும்கூட விரட்டியிருக்கிறார்கள். தாத்தா தினமும் ஓடியிருக்க மாட்டார், செத்த மாட்டையும் திருடித் தின்றிருப்பார், ஆனால் ஓடத் தெரிந்தவர் என்பதே என் தீர்ப்பு.

அதிகாலையில் அலாரத்தை அணைத்துவிட்டுப் புரள்கிறவர்களுக்கு ஒரு நற்செய்தி. காரணமில்லாமல் ஓடுவதற்காக மனிதன் பரிணமிக்கவில்லை, ஓய்வெடுப்பதே இயல்பு என்று பின்னாளில் புத்தகமே எழுதியவரும் அதே லீபர்மேன்தான். வீட்டில் தாராளமாகக் காட்டலாம். உடற்பயிற்சி அவசியம் என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பக்கங்களைக் காட்ட வேண்டாம்.