பனிக்குள் ஒரு தொலைநோக்கி

கேள்வி: எதிலும் மோதாமல் பூமியையே துளைத்துப் போகும் நியூட்ரினோவைக் கொண்டு புதிய இயற்பியல் கொள்கைகளைச் சோதிப்பது எப்படி?

பதில்: கோடிக்கணக்கானவை நழுவினாலும் ஒன்றிரண்டு மோதிவிடும், அது போதும். தென் துருவத்தில் 2010-இல் கட்டி முடிக்கப்பட்ட ஐஸ்கியூப் என்னும் நியூட்ரினோ தொலைநோக்கி, ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 ஒளியுணரிகளைப் புதைத்துக் காத்திருக்கிறது. மோதலில் பிறக்கும் மின்னூட்டத் துகள்கள் நீலநிறச் செரன்கோவ் ஒளியை உமிழும். அதிலிருந்து நியூட்ரினோவின் திசையும் ஆற்றலும் கணிக்கப்படுகின்றன.

சோதனைகள் மூன்று. முதலாவது: நியூட்ரினோவின் அறிந்த மூன்று வகைகளுக்கு அப்பால் நான்காவதாக 'மலட்டு நியூட்ரினோ' என்றொரு வகை இருந்தால், பூமியைக் கடந்து வரும் மியூவான் வகை நியூட்ரினோக்கள் குறிப்பிட்ட ஆற்றலில் குறைய வேண்டும். 2016-இல் வெளியான ஆய்வில் அந்தக் குறைவு தென்படவில்லை. இரண்டாவது: உயர் ஆற்றல் நியூட்ரினோக்களில் எவ்வளவு பங்கைப் பூமி விழுங்குகிறது என்று 2017-இல் அளந்தபோது, விடை துகள் இயற்பியலின் திட்ட மாதிரியோடு ஒத்துப்போனது. மூன்றாவது: ஐன்ஸ்டைனின் சார்பியல் சமச்சீர்மை உடைந்தால் நியூட்ரினோக்கள் வகை மாறும் விதமும் பிறழும். 2018-இல் தேடியதில் பிறழ்வு இல்லை.

வலையில் மீன் சிக்காததும் செய்திதான்: மீன் எங்கே இல்லை என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு வீச்சிலும் புதிய கொள்கைகள் ஒளிய எஞ்சியிருக்கும் இடம் சுருங்குகிறது.