வழுக்குத் தளத்தின் பிறப்பிடம் வில்லரேயே

தாவிக் குதிக்கும் வீடியோ கேம்களில் பனிக்கட்டித் தளம் வராத கேமைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பொத்தானிலிருந்து கையை எடுத்த பிறகும் ஆள் நிற்கமாட்டான். சறுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழுவான். இத்தடையின் மூலம் ஜப்பான் என்பது பொதுக் கருத்து. நிண்டெண்டோவின் 'ஐஸ் கிளைம்பர்' 1985இல் வந்தது, 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' 1988இல் ஓர் உலகம் முழுவதையும் உறையவைத்தது என்று ஆண்டுக் கணக்குக் காட்டுவார்கள். கணக்கு நம்மிடமும் உண்டு: நம் வில்லரே பகுதி மொன்றியல் நகரோடு இணைந்தது 1905இல்.

அதன் பிறகு இங்கே எழுந்த மாடி வீடுகள் பலவற்றில் படிக்கட்டு வெளியேதான். உள்ளே இடம் மிச்சம், சூடாக்கும் செலவும் மிச்சம். மிச்சம் பிடித்தவர் வீட்டுச் சொந்தக்காரர், விழுகிறவர் வாடகைக்காரர்.

உறைமழை பெய்த மறுநாள் காலை மேல்மாடி மாமி இறங்குவதைக் கவனியுங்கள். முகம் வீட்டைப் பார்த்திருக்கும், முதுகு தெருவைப் பார்த்திருக்கும். இரண்டு கையும் இரும்புக் கம்பியில். சப்பாத்து நுனியால் கீழ்ப்படியைத் தட்டிப் பார்த்து, பிறகுதான் பாரத்தை வைப்பார். கீழே நின்று "பாத்து, பாத்து மாமி" என்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை. பார்க்கத் தெரியாமலா அவர் வழுக்குகிறார்?

இனிச் சான்றுகள். ஐஸ் கிளைம்பரில் இருவர் குளிர்ச்சட்டையோடு மேலே மேலே ஏறுகிறார்கள். கூரையிலிருந்து பனி ஈட்டி விழும். ஏறுவதெல்லாம் எதற்கு? காய்கறிக்கு, அதிலும் கத்தரிக்காய்க்கு! ஜான் தாலோன் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு ஜனவரியில் மூன்றாம் தளத்துக்கு ஏறிய எவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கியோட்டோவிலிருக்கும் நிண்டெண்டோக்காரருக்கு இது எப்படித் தெரிந்தது என்பதை எதிர்த்தரப்புதான் சொல்லவேண்டும்.

இன்னொரு சான்று பக்கத்திலேயே இருக்கிறது. மைல் எண்டில் யூபிசாஃப்ட் ஸ்டூடியோ 1997இல் தொடங்கியது. 2003இல் அங்கே உருவான 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' கேமில், இளவரசன் விழுந்தால் காலத்தைப் பின்னோக்கி ஓட்ட ஒரு குறுவாள் உண்டு. பாலைவன மணல் கதைக்குத்தான். காலத்தைத் திருப்பும் யோசனை வெளிப்படிக்கட்டில் விழுந்து எழும்பிய ஒருவருக்கே வரும் என்பது என் முடிபு.

ஆனால் கேம் செய்பவர்கள் ஐஸைச் சரியாகப் படிக்கவில்லை. அவர்களுடைய ஐஸ் எப்போதும் ஒரே அளவு வழுக்கும். இங்கே மைனஸ் 20இல் சப்பாத்து கொஞ்சமாவது பிடிக்கும். பூச்சியத்தை ஒட்டி மேலே தண்ணீர் படரும்போதுதான் ஆபத்து. உப்பு என்பதே அவர்களிடம் இல்லை. மைனஸ் 15க்குக் கீழே சாதாரண உப்பும் கைவிடும், அப்போது சிறுகல்தான் என்ற நுட்பமும் இல்லை.

மேல்மாடிக்காரருக்கு ஒரு வார்த்தை: உப்பு வாளியைப் படிக்கட்டின் அடியில் வைக்காதீர்கள், கதவுக்கு உள்ளே வையுங்கள்.