வட்டம் விழுந்திருக்கு மேடம்!

நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படித்த காலத்தில், இலையை வைத்து ஆய்வு செய்கிறேன் என்றால் முகம் சுளிப்பார்கள். “அதெல்லாம் பாட்டி வைத்தியம்மா, வேற தலைப்பு பாரு” என்பார்கள். இன்று என் மாணவிகள் பலர் ஓமவல்லி, நொச்சி, குப்பைமேனி என்று இலையோடுதான் வருகிறார்கள். அன்று துளியும் கிடைக்காத நம்பிக்கை இன்று இலைக்கு அளவுக்கு மிஞ்சிக் கிடைக்கிறது. அன்றும் சரி, இன்றும் சரி, இலையை யாரும் நின்று கவனிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இலையைக் காயவைத்துப் பொடித்து எத்தனாலில் ஊறவைக்கிறார்கள். அந்தச் சாற்றை ஏற்றிய காகித டிஸ்க்கை, ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியைத் தடவிய அகார் பிளேட்டில் வைக்கிறார்கள். 37 டிகிரியில் ஓர் இரவு. காலையில் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம். ஸ்கேலில் மில்லிமீட்டர் பார்த்துக் குறித்ததும் ஆய்வு முடிந்துவிடுகிறது.

வட்டம் விழுந்ததும் அவர்களுக்கு வரும் மகிழ்ச்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் ஓமவல்லியின் வீரியம் கார்வக்ரால், தைமால் என்ற எண்ணெய்ப் பொருள்களில் இருக்கிறது. கிருமியின் சவ்வையே சிதைப்பவை அவை. கொளுத்தும் வெயிலில் காயவைத்தால் ஆவியாகிப் போகும்; மிஞ்சுவதும் நீர் நிறைந்த அகாரில் எளிதில் பரவாது. வட்டம் சிறுத்ததும் ‘இலைக்கு வீரியமில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். என் அப்பாயி பச்சை இலையைத் தணலில் லேசாக வாட்டி, அப்போதே சாறு பிழிந்து கொடுப்பார்.

வட்டமே விழாத பொருளுக்கும் வேலை உண்டு. 2000-ல் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் பெர்பெரிஸ் செடியில் இதைக் காட்டினார்கள். நம் மரமஞ்சளிலும் உள்ள பெர்பெரின்தான் அச்செடியின் ஆயுதம். ஆனால் ஸ்டாஃபைலோகாக்கஸ், நார்ஏ என்ற புரதப் பம்பால் அதை வெளியே இறைத்துத் தப்பிக்கிறது. செடியோ 5′-மெத்தாக்சிஹைட்னோகார்பின் என்ற இன்னொன்றையும் இலையில் வைத்திருக்கிறது. தனியாக அது கிருமியை ஒன்றும் செய்யாது, பம்பை அடைத்துவிடும். பெர்பெரின் உள்ளேயே தங்கிக் கொல்லும். பிரித்துப் பிரித்துச் சோதிப்பவர் முதலில் குப்பையில் போடுவது இந்தப் பொருளைத்தான்!

அதனால் இப்போது வட்டம் விழாத சாற்றையும் லேபிள் ஒட்டி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறேன். வட்டம் விழுந்த சாற்றோடு அதைக் கலந்து, எவ்வளவு குறைந்த அளவில் கிருமி அடங்குகிறது என்று டியூபில் பார்க்கவேண்டும். அதே அளவை மனித செல்கள் தாங்குமா என்பதையும் பார்த்த பிறகுதான் ‘மருந்து’ என்ற சொல்லை ஆய்வேட்டில் எழுத அனுமதிக்கிறேன்.