ஒன்றுக்கு இரண்டு

அச்சகம், அரிசி மண்டி, ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் அவர் ஒருவர் இருப்பார். சம்பளப் பட்டியலில் அக்கவுண்டன்ட். சர்வருக்கு மட்டும் தாய்மாமன். சட்டைப் பையில் இரண்டு பேனா, தோள்பையில் இரண்டு குடை. பீரோவுக்கு மாற்றுச் சாவி செய்து, அதைப் பத்திரமாக அதே பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர்.

எனக்குப் பழக்கமானவர் இருப்பது ஆடிட்டர் ஆபீஸில். சர்வரைப் பற்றி வாய்தவறிக் கேட்டால் போதும், "நம்ம ஆபீஸ்ல ரெய்டு சார்" என்று உரக்கத் தொடங்குவார். புதிதாக வந்திருந்த கிளையன்ட் ஒருவர் எழுந்து செருப்பைத் தேடியதை நானே பார்த்தேன். விஷயம் வேறொன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க் இரண்டு. இதில் எழுதுவது அப்படியே அதிலும் ஏறும். ஒன்று போனாலும் மற்றது வேலையை ஓட்டும். 1988-இல் பெர்க்கிலியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் இந்த முறைகளுக்கு வரிசை எண் கொடுத்துக் கட்டுரை எழுதினார்கள். அதை அவர் சொல்லிக் கேட்டால், நாலாவது பெயரைத் தன்னடக்கத்தால்தான் போட்டுக்கொள்ளவில்லை என்று தோன்றும்.

காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிய கையோடு லினக்ஸில் எம்டிஸ்டாட்டைத் திறப்பார். சதுர அடைப்புக்குள் இரண்டு 'யூ' ஒட்டி நின்றால் ஜோடி சௌக்கியம். ஒரு 'யூ' இருந்த இடத்தில் அடிக்கோடு விழுந்தால் அந்த டிஸ்க் அவுட்.

ஒரு திங்கட்கிழமை அடிக்கோடு விழுந்தது. மனிதர் முகத்தில் கல்யாணக் களை. "பாத்தீங்களா சார்? டிஸ்க் செத்துப்போச்சு, வேலை நடக்குது!" எல்லோருக்கும் காபி சொன்னார். மெஷினை நிறுத்தி, செத்ததைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

கறுப்புத் திரை. பூட் ஆக டிஸ்க்கே இல்லை என்று ஒற்றை வரி.

கணக்குகள் ஒன்றுவிடாமல் உள்ளேதான் இருக்கின்றன, எழுப்பிவிடத்தான் ஆளில்லை. அவர் ஜோடி சேர்த்தது பார்ட்டிஷன்களை. பழைய பயாஸ் மெஷினோ டிஸ்க்கின் முதல் 512 பைட்டைத்தான் முதலில் படிக்கும். அது பார்ட்டிஷனுக்கும் வெளியே, மிர்ரருக்கும் வெளியே. லினக்ஸை இன்ஸ்டால் செய்த அன்று, அங்கிருந்து எழுப்பிவிடும் க்ரப்பை எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று இன்ஸ்டாலர் மரியாதையாகக் கேட்டிருக்கிறது. இவர் முதல் டிஸ்க்கைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். புது யூஇஎஃப்ஐ மெஷின் வாங்கினாலும் தப்ப முடியாது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் இரண்டு டிஸ்க்கிலும் இருக்க வேண்டும், பூட் பட்டியலிலும் இரண்டும் ஏறியிருக்க வேண்டும்.

கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைப் பையன்தான் பென்டிரைவில் லினக்ஸ் கொண்டுவந்து, மிஞ்சிய டிஸ்க்கில் க்ரப்பைப் போட்டுக் கொடுத்தான். போகிறபோது, "ரெண்டுலயும் போட்டுட்டு, ஒவ்வொரு கேபிளா புடுங்கிப் பாத்திருக்கணும்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்லியிருக்கக் கூடாது.

புது டிஸ்க் வந்தது, க்ரப்பும் இரண்டிலும் ஏறியது. கூடவே அண்ணனுக்குப் பிடுங்கும் பித்தும் ஏறியது. சனிக்கிழமையானால் மெஷினை நிறுத்தி, ஒரு சாட்டா கேபிளை உருவி, பூட் ஆவதை ஆபீஸ் முழுவதற்கும் காட்டுவார். மறுபடி மாட்டிச் சேர்த்து, இரண்டு 'யூ'வும் வரும்வரை ஒருவரும் கீபோர்டைத் தொடக் கூடாது. தாராளமாகத் தொடலாம், டிஸ்க் பாட்டுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டிருக்கும், அவர்தான் விடமாட்டார்.

போன வாரம் டைப்பிங் பார்க்கும் பெண் ஒரு பெரிய கிளையன்டின் ஃபோல்டரை அப்படியே அழித்துவிட்டாள். இரண்டு டிஸ்க்கும் கருத்து வேறுபாடே இல்லாமல் சேர்ந்து அழித்திருந்தன. "பேக்கப் எங்கய்யா?" என்று ஆடிட்டர் கத்தினார்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்குத்தான் சார் யோசிச்சுட்டிருக்கேன். மூணாவதா ஒரு டிஸ்க் சேத்துட்டா பிரச்சினையே வராது."